ஆறரை மணிப் பாட்டு

பாளையங்கோட்டை,
3.6.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

ஜெமிமா எழுதுகிறேன். சமாதானபுரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உன் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, உன் தாளையும் சேர்த்து அடித்துக் கொடுத்த அதே ஜெமிமா. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வரி எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தும் போட்டேன்.

கெசியாவை உனக்கு நினைவிருக்கும். அம்பாசமுத்திரத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "கல்லிடைக்குறிச்சியில முத்துராணி தையல்கடை வச்சிருக்காளே, என் ரவிக்கையெல்லாம் அவ தைச்சதுதான்" என்றாள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். இத்தனை வருடம் நீ பம்பாயில் உன் அண்ணன் பக்கத்தில் இருப்பதாகவே நினைத்திருந்தேன்.

உன் போன் நம்பரும் கொடுத்தாள். பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். அது நரம்போடு ஒட்டியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. காற்று மாதிரி வருகிறது. பள்ளிக்கூடத்தில் காலரில் மைக் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன். சர்ச் கொயரில் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறேன். போனில் கேட்டால் யாரோ என்று நீ வைத்துவிடுவாய்.

எழுத வந்த விஷயம் வேறு. நம் பாட்டு மறுபடியும் வந்திருக்கிறது. பார்த்தாயா?

கேபிள் டிவிக்காக அந்தப் பாட்டை எடுத்த அருமைநாயகம் அண்ணாச்சி போன வருடம் காலமானார். அவருடைய மகன் கிங்ஸ்லி, பழைய கேபிள் ஆபீஸில் கிடந்த கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி யூடியூபில் போட்டுக்கொண்டிருக்கிறான். மார்ச் மாதம் நம் ஆற்றுப் பாட்டைப் போட்டான். இதுவரை பதினாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் கேபிள் அந்தக் காலத்தில் போனதே நானூறு வீட்டுக்குத்தான். மாலை ஆறரைக்கு ஒரே தடவை. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் மறுநாள்தான். இப்போது துபாயில் ஒருவன் விடியற்காலையில் பார்க்கிறான். பிடித்த இடத்தில் நிறுத்துகிறான், திரும்பப் போடுகிறான், கீழே எழுதுகிறான். "இந்த அக்கா குரலில் தாமிரபரணியே ஓடுகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்பது தடவையாவது அதைப் படித்திருப்பேன்.

கேசட்டின் மேல் அண்ணாச்சி "முத்துராணி – ஆற்றுப் பாட்டு" என்று எழுதியிருந்தாராம். அதைப் பார்த்து கிங்ஸ்லி "பாடியவர்: முத்துராணி" என்று போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஒரு இணையச் சேனல்காரர்கள் பாடகியைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று தேடுகிறார்களாம். நீயும் நானும் சேர்ந்தே போய் உட்காரலாம். முகம் நீ, குரல் நான் என்று சொல்லலாம். வருவாயா?

உன்,
ஜெமிமா

கல்லிடைக்குறிச்சி,
12.6.2024

ஏளா ஜெமி,

ஒன் லெட்டரை அளவு நோட்டுக்குள்ள வச்சு ஒரு வாரமா படிக்கேன். கட்டி எடுத்தாவன்னு எழுதியிருந்ததைப் படிச்சிட்டு மிஷினை நிறுத்திட்டேன். வேற பயம் ஒண்ணும் இல்லைல்லா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியா? யாரு பாத்துக்கிடுதா? கல்யாணம் பண்ணிக்கிடலைன்னு கெசியா சொன்னா. நான் ஒண்ணும் கேக்கலை.

பாட்டைப் பார்த்தேன். சித்திரை மாசம் ஒரு காலேஜுப் பிள்ளை அளவு குடுக்க வந்தவ, "அக்கா, இது அப்படியே ஒங்கள மாதிரி இருக்கு"ன்னு போனை நீட்டினா. மேல எம் பேரு. "ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாவ"ன்னு சொல்லிட்டேன். டேப்பைக் கையில வச்சுக்கிட்டு அவ இடுப்பளவை மூணு தடவை எடுத்தேன்.

பேட்டிக்குக் கூப்பிடுதியே, அந்த ஆறரை மணிப் பாட்டால என்ன ஆச்சுன்னு ஒனக்கு முழுசாத் தெரியாது. எங்க அண்ணன் லீவுல வந்திருந்தான்லா, அவன் பம்பாய்க்குப் போன பிறகுதான் போடணும்னு அண்ணாச்சிகிட்ட நான் சொல்லியிருந்தேன். அன்னைக்கு அவன் சலூன்ல முடிவெட்டிக்கிட்டு இருந்திருக்கான். அங்கன டிவில நான் நனைஞ்ச பாவாடையோட ஆத்துல நிக்கேன். கடையில இருந்த ஆளுவ எல்லாம் விசில் அடிச்சிருக்காவ. பாதி முடியோட எந்திரிச்சு வந்தான். என்னை ஒண்ணும் சொல்லலை. எங்க அம்மையத்தான் பேசினான். நேரா கேபிள் ஆபீஸுக்குப் போயி சண்டை போட்டான். அப்புறமும் எட்டு நாள் ஓடிச்சு. அந்த எட்டு நாளைக்குள்ள என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாவ. முப்பதாம் நாள் கல்யாணம்.

எங்க வீட்டுக்காரவிய பேரு முத்துமாலை. இங்கன உரக்கடை வச்சிருக்காவ. நல்ல மனுசன்தான், கைநீட்டினது கெடையாது. ஆனா கல்யாணமான மூணாம் நாள் மறுவீட்டுக்குப் போற பஸ்ஸுல, சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாவ, "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்க தெருவுல ஒரு வீட்டுல அந்தப் பாட்டு ஓடிச்சு. நானும் பாத்தேன். நீ யாரையோ பாத்துச் சிரிக்கே. அவன் பேரு எனக்கு வேண்டாம். எப்பவும் சொல்லிராத."

நான் வாயைத் தொறக்கதுக்குள்ள எந்திரிச்சு முன்னால போயி நின்னுக்கிட்டாவ. பிறகு ரெண்டு மூணு தடவை சொல்லப் பாத்தேன். பேச்சை ஆரம்பிச்சாலே செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிருவாவ. எங்க வீட்டுல இதுவரை டிவி கெடையாது ஜெமி. எம் மக செண்பகா பக்கத்து வீட்டுல போயிதான் பாத்து வளந்தா.

அவளுக்குத்தான் இப்ப ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளை வீடு தென்காசி. இந்த நேரத்துல எம் பேரைப் போட்டு நான் ஆத்துல நிக்கது ஊரெல்லாம் சுத்துது. அப்பல்லாம் எட்டு நாள் ஓடிச்சு, பிறகு ஊரு மறந்துட்டு. இப்ப எங்க மறக்கும்? அந்தக் கிங்ஸ்லி தம்பிகிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லு. ஒங்கிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்லை.

நீ நாலு பக்கம் எழுதியிருக்கே. எழுத வேண்டிய ஒண்ணை மட்டும் எழுதலை. போகட்டும்.

முத்துராணி

பாளையங்கோட்டை,
20.6.2024

அன்புள்ள முத்துராணி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட நூலகத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கத் துணிவு வரவில்லை.

யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று உன் கணவர் கேட்கவே இல்லையா? பாட்டின் கீழேயும் அதையே எழுதுகிறார்கள். "கேமராவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? அந்தப் பார்வைக்குச் சொந்தக்காரர் அதிர்ஷ்டசாலி" என்று. சீவலப்பேரி ஆற்றங்கரையில் டேப் ரிக்கார்டரின் பேட்டரி தீர்ந்து பாட்டு இழுக்க ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? அண்ணாச்சி தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று முழுப் பாட்டையும் வாய்விட்டுப் பாடினேன். நீ என் உதட்டைப் பார்த்துப் பார்த்து வாயசைத்தாய். "வெள்ளம் வடிஞ்ச பிறகு வாரேன்னு சொன்னவரே" என்ற இடத்தில் என் காலை மீன் கடித்து நான் துள்ளினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கா இருபத்துமூன்று வருடம்?

நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் ஊருக்குப் போகட்டும் என்று அண்ணாச்சி காத்திருந்தது உண்மை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாட்டுப் பதிவு செய்த அன்றே அவர், "குரல் தங்கம்மா. முகம் மட்டும் அந்தப் பிள்ளை முகமா இருக்கட்டும், ஒன் நிறத்துக்கு கேமரா எடுக்காது" என்று சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சரி என்றேன். வீட்டுக்குப் போய் அழுதேன். முகம் போனால் போகட்டும், குரலையாவது எல்லாரும் சீக்கிரம் கேட்கட்டும் என்று ஒரு வெறி. ஒரு சனிக்கிழமை கேபிள் ஆபீஸுக்குப் போனேன். "முத்துராணி சரின்னு சொல்லிட்டா, போடுங்க அண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு மாலையே போட்டார்.

அன்று ஆறரைக்கு நான் எங்கள் தெருமுனை மிட்டாய்க்கடையில் நின்று பார்த்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். அதே நேரத்தில்தான் உன் அண்ணன் சலூனிலிருந்து எழுந்திருக்கிறான்.

இதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டதற்குச் சரி என்று உடனே எழுத என்னால் முடியவில்லை. என் குரல் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது. சின்னப் பெண்கள் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டில் அரை நிமிடத்தை வெட்டி எடுத்து வாயசைக்கிறார்கள். தாவணியில், சுடிதாரில், காலேஜ் பஸ்ஸில், மொட்டை மாடியில், நூற்றுக்கணக்கில். யாருக்கும் நான் யார் என்று தெரியாது. அதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது. கொஞ்ச நாள் கொடு. யோசிக்கிறேன்.

ஜெமிமா

பாளையங்கோட்டை,
21.7.2024

அன்புள்ள முத்துராணி,

ஒரு மாதமாக உன் பதில் வரவில்லை. வராததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று கிங்ஸ்லியைப் பார்க்கப் போனேன். முதலில் அவன் கேட்கவில்லை. "அத்தை, எங்க அப்பா எடுத்ததுலயே ஜனங்க கொண்டாடுறது இது ஒண்ணுதான். இதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றான். அவனுக்கும் நியாயம் இருக்கிறது. நான் பேசினேன். என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை, அதனால் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பாடியது நான், நிற்பது என் தோழி, அவள் சம்மதிக்காமல் சம்மதித்ததாகப் பொய் சொன்னது நான் என்று. படித்துவிட்டு நிமிர்ந்தான். "நீங்களா பாடினது?" என்றான். தலையாட்டினேன். அந்த ஒரு பையனுக்காவது தெரிந்தது.

எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போட்டான். பெரிய திரையில், அண்ணாச்சியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை நாளும் நான் பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் முத்துராணி, உன்னைப் பார்த்ததே இல்லை. நேற்றுதான் பார்த்தேன். குளிரில் உன் தோள் நடுங்குகிறது. அன்று உனக்குக் காய்ச்சல். அதையும் மறந்துபோயிருந்தேன்.

பிறகு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். போய்விட்டது. பதினெட்டு லட்சமாகியிருந்த கணக்கும் போய்விட்டது.

வெட்டி எடுத்த துண்டுகள் அங்கங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவற்றைப் பிடிக்க முடியாது என்று கிங்ஸ்லி சொல்கிறான். ஒருவன் கீழே பறை அடியைச் சேர்த்து வேகமாக ஓட்டியிருக்கிறான், அதில் என் குரல் எலி மாதிரி இருக்கிறது. ஆனால் எதிலும் உன் பேர் இல்லை. சேனல்காரர்களுக்கும் பாடகியின் விலாசம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

செண்பகாவுக்கு என் ஆசீர்வாதம். இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஜெமிமா

கல்லிடைக்குறிச்சி,
16.8.2024

ஜெமி,

தொந்தரவு செய்ய மாட்டேன்னு எழுதியிருக்கே. இருபத்திமூணு வருசம் செய்யாம இருந்தியே, அது பத்தாதா?

நடந்ததைச் சொல்லுதேன், பைய படி.

ஒன் லெட்டர் வந்த மறு வாரம், மத்தியானம் அவிய சாப்பிட வந்தாவ. ரசம் ஊத்துதேன். குனிஞ்ச தலை நிமிராம, "அந்தப் பாட்டைக் காணோமே"ன்னாவ.

"எந்தப் பாட்டு?"

"ஒம் பாட்டு."

கரண்டி அப்படியே நின்னுட்டு. பிறகு அவியளே சொன்னாவ. சித்திரையில இருந்து தெனமும் பாப்பாவளாம். உரக்கடையில ஆள் இல்லாத நேரத்துல, சத்தத்தைக் கொறைச்சு வச்சுக்கிட்டு.

"எதுக்குப் பாத்திய?"ன்னு கேட்டேன்.

"அப்ப அரை நிமிசம்தான் பாத்தேன். தெருவுல நின்னு, அடுத்த வீட்டுச் சன்னல் வழியா. அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டான். அது திரும்ப வராதுல்லா. அந்த அரை நிமிசத்தை வச்சுக்கிட்டே இத்தனை வருசம் இருந்தேன். இப்பதான் நிறுத்தி நிறுத்திப் பாக்க முடியுது. நீ பாக்கிற ஆளு எங்கனயாவது ஓரத்துல தெரியுதானான்னு தேடினேன். தெரியலை. பாத்துப் பாத்து ஆளைத் தேடுறதை விட்டுட்டேன். ஒன் மொகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்படி ஒரு சிரிப்பை நம்ம வீட்டுல நான் பாத்ததில்லை."

இந்தத் தடவை எந்திரிச்சுப் போக விடக்கூடாதுன்னு எலை முன்னாலயே உக்காந்துக்கிட்டேன். "அது ஆம்பளை இல்லை. ஜெமிமான்னு ஒருத்தி. என் கூட டைப் படிச்சவ. தண்ணிக்குள்ள நின்னு அவ பாடுதா, நான் அவ வாயைப் பாக்கேன்"னு சொன்னேன்.

"பொம்பளைப் பிள்ளையா?"

"ஆமா."

"அப்ப பாட்டு ஒன்னது இல்லையா?"

"எனக்கு எங்க பாட வரும்? செண்பகாவுக்கு ஒரு தாலாட்டாவது பாடியிருக்கேனா?"

அதுக்கு அவிய சொன்னதுதான் ஜெமி, இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறலை. "நான் அன்னைக்கு பஸ்ஸுல அப்படிச் சொன்னதால நீ பாட்டையே விட்டுட்டேன்னு நெனைச்சேன். பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு நீ சும்மா இருக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்குன்னு இருக்கும்"னாவ.

நான் அழலை. கோவந்தான் வந்துது. எலையை எடுத்துட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா"ன்னு கத்திட்டேன். முதத் தடவையா அந்த வீட்டுல நான் கத்தினேன். அவிய ஆத்துக்குப் போயிட்டு சாயங்காலம் வந்தாவ. துண்டை உதறிக் காயப் போட்டுக்கிட்டே, "ரொம்ப வருசம் ஆயிட்டு"ன்னாவ. அவ்வளவுதான். ஆனா மறுநாள் கடைக்குப் போறதுக்கு முந்தி அடுப்படி வாசல்ல வந்து நின்னு, அன்னைக்கு அந்த ஆத்துல ரொம்பக் குளிரான்னு கேட்டாவ. காய்ச்சலோட நின்னதைச் சொன்னேன். நின்னு கேட்டாவ.

இன்னொண்ணு. மாப்பிள்ளையோட தங்கச்சி நம்ம பாட்டுத் துண்டுக்கு வாயசைச்சு வீடியோ போட்டிருக்கா. துணி எடுக்கப் போன எடத்துல எனக்கே காட்டி, "நல்லா இருக்கா அத்தை?"ன்னு கேக்கா. "நீ வாயை இன்னும் நல்லாத் தொறக்கணும்"னு சொல்லிட்டு வந்தேன். இதுக்குத்தான் நான் பயந்து செத்திருக்கேன். ஒன்னை எடுக்கச் சொன்னதும் இந்தப் பயத்துலதான். எடுத்துட்டேன்னு நீ எழுதினதைப் படிச்ச ஒடனே போனை எடுத்துத் தேடினேன். இல்லை. அப்பதான் தெரிஞ்சுது, நானும் தெனம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு நேரம் பட்டன் கட்டுறப்ப, ஒரு நேரம் ஊக்கு வைக்கிறப்ப, ஒன் குரல் கூட இருந்துச்சு. திரும்பப் போடச் சொல்லலை. சொல்லணும்னு இருக்கு, சொல்லலை.

நீ அண்ணாச்சிகிட்டப் போயி பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். எங்க அண்ணன் சண்டைக்குப் போன அன்னைக்கு அண்ணாச்சியே சொல்லிட்டாரு. ஒனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பாதது அண்ணன் தடுத்ததால இல்லை, நாந்தான் வேண்டாம்னேன். தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை வருசம் ஒங்கிட்ட இருந்து ஒரு லெட்டர் வராதான்னு பாத்தேன். வந்திருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேனோ என்னமோ. ஆனா வரணும்னு இருந்துச்சு.

மன்னிச்சுட்டேன்னு எழுத உக்காந்தேன். கை எழுத மாட்டேங்கு. எடுத்துட்டேன்னு நீ எழுதினதுக்காக அது மாறவும் இல்லை. இதை நேர்லதான் பேசித் தீக்கணும்.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை செண்பகாவுக்குக் கல்யாணம். பத்திரிகை இதோட வச்சிருக்கேன். ஆனா கல்யாணத்தன்னைக்கு வந்து மொய் எழுதிட்டுச் சாப்பிட்டுப் போற ஆளு நீ இல்லை. அதுக்கு முந்தி இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை வந்திரு. அன்னைக்கு எல்லாரும் மண்டபத்துச் சாமான் எடுக்கப் போயிருவாவ. நான் ஒன்னை வாய் ஓயுற வரைக்கும் ஏசணும். நீ உக்காந்து கேக்கணும். பிறகு பிள்ளைக்கு ரவிக்கை மூணு பாக்கி இருக்கு, கொக்கி வைக்க ஆள் இல்லை. நீ வைக்கலாம். ராத்திரி இங்கனயே படுத்துக்கிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கூடவே இரு.

காலை செங்கோட்டை வண்டியில வா. ஸ்டேஷனுக்கு நான் வர முடியாது, வீட்டுல ஆள் வேணும். யாரை அனுப்புறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அவிய பக்கத்துல உக்காந்து உர மூட்டைச் சீட்டு எழுதிக்கிட்டு இருந்தாவ. "நான் போறேன்"னாவ.

"ஒங்களுக்கு அவளை அடையாளம் தெரியாதே?"

"வண்டியை விட்டு எறங்குற பொம்பளை ஆளுவ கிட்டயெல்லாம் ஜெமிமாவான்னு கேட்டுக்கிடுதேன்"னாவ.

முத்துராணி